சஹனில் விழுந்த கூடைப்பந்து

திருப்பாலைக்குடி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும் உரிய மச்சான் இஃப்திகார் அவர்களுக்கு, தங்கள் தங்கை லத்தீபாவின் வீட்டுக்காரன் சதக் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. பஹ்ரைனில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் குறைவில்லாமல் இருக்க துஆ செய்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் லத்தீபா பக்கத்திலேயே நின்று நான் சொல்வதற்கெல்லாம் திருத்தம் போடுகிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது எப்படியோ குடும்பக் குழுவில் போய் விழுந்துவிடுகிறது. தங்களுக்கு மட்டும் என்று நான் அனுப்பிய மூலநோய்ச் சங்கதிக்கு மலேசியாவில் இருந்தெல்லாம் கை வைத்தியம் வந்தது நினைவிருக்கும். ஆகையால் நம் தெரு அஃப்ரித் அங்கே வேலைக்குத் திரும்பும்போது அவன் பெட்டியில் தங்களுக்கான கருவாட்டுப் பொட்டலத்துக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். காகிதத்தில் நெத்திலி வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் என் மகள் தஸ்னீமைப் பற்றியது. பெண்பிள்ளை பொம்மை கேட்டதற்குக் கூடைப்பந்தை வாங்கி அனுப்பிய புண்ணியவான் தாங்கள்தான். அந்தப் பந்தைத் தட்டிக்கொண்டே போனவள் மதுரையில் கல்லூரி அணிக்கு ஆடினாள், கோப்பையோடு வந்தாள், இப்போது நம் ஊருக்குப் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் கோச்சாக இருக்கிறாள். அதுவரை எனக்குப் பெருமைதான். ஆனால் சனிக்கிழமை வந்தால் செல்போனில் வருகிற ஒரு மதுரை விளையாட்டுச் சேனலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை விவரிக்கிறாள் பாருங்கள், அங்கேதான் என் மானம் கப்பலேறுகிறது. ஆட்டத்தை மட்டும் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? அவளுக்கு உவமை தேவைப்படுகிறது, உவமைக்கு நான் தேவைப்படுகிறேன். ஒரு பிள்ளை பந்தை வைத்துக்கொண்டு தயங்கியதாம். உடனே இவள், "எங்க வாப்பா மீன் வாங்குற மாதிரி நிக்கிறாங்க பாருங்க. எல்லா மீனுக்கும் செவுளத் தூக்கிப் பாப்பாரு, கடைசில முட்டை வாங்கிட்டு வீட்டுக்கு வருவாரு" என்றாள். மறுநாள் மீன்கடைக்குப் போனால் அமுதவள்ளி கூடையைத் திறக்கக்கூட இல்லை, "முட்டைக்கடை அங்கன இருக்கு பாய்" என்று கையைக் காட்டினாள். நான் ஸ்கூட்டரைக் கிளப்புகிற அழகு, நான் ஹெல்மெட் தேடுகிற அழகு, நான் கல்யாண வீட்டில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது எல்லாம் இப்போது தமிழ்நாட்டுக்கே தெரியும்.

கேட்காமல் இருக்க வேண்டியதுதானே என்று லத்தீபா சொல்கிறாள். எப்படிக் கேட்காமல் இருப்பது மச்சான்? சவூதியில், தம்மாமில் கிடங்கு வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளையின் குரலைப் போனில்தானே கேட்டேன். அவள் பேச ஆரம்பித்ததும் பள்ளிக்கூடம் போனதும் எனக்கு எல்லாம் குரல்தான். இன்றைக்கும் அவள் சேனலில் பேசினால் மொட்டை மாடிக்குப் போய் செல்போனைக் காதோடு ஒட்டி வைத்துத்தான் கேட்கிறேன். பக்கத்து வீட்டு லாமியா நான் யாரோடோ ரகசியமாகப் பேசுகிறேன் என்று லத்தீபாவிடம் போட்டுக்கொடுத்து, அது ஒரு தனிக் கூத்து.

இதற்கு நடுவில் பள்ளித் தாளாளர் ஒரு குண்டைப் போட்டார். தஸ்னீம் கோச்சாக வந்த நாளிலிருந்து அவள் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. இந்த முறை மாவட்டப் போட்டியிலும் தோற்றால் கூடைக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பள்ளி வேன்களுக்குக் கொட்டகை போடுவதாகச் சொல்லிவிட்டார். மதுரைச் சேனல்காரர்களோ எப்போது மூட்டை கட்டிக்கொண்டு மதுரைக்கே வந்துவிடுவாய் என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கோச் வேலை போனால் அவள் மதுரைக்குப் போய்விடுவாள். மறுபடியும் போனில்தான் மகள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தஸ்னீம் மட்டும் அசரவில்லை. பிள்ளைகள் பந்தை ஒருத்திக்கொருத்தி கொடுக்காமல் ஆளாளுக்குப் பிடுங்கிக்கொள்கிறார்கள், அதுதான் நோய் என்றாள். அதற்கு அவள் கண்டுபிடித்த மருந்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற நம் வீட்டு சஹன் தட்டு. ஆடுகிறவர்கள் ஐந்து பேர், ஒரு சஹனைச் சுற்றி உட்காருகிறவர்களும் ஐந்து பேர் என்று கணக்குப் போட்டு, அந்த ஐந்து பிள்ளைகளையும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். லத்தீபா நெய்ச்சோறு ஆக்கினாள். பெரிய தட்டு நிறையச் சோறு, நடுவில் ஒரே ஒரு கறித்துண்டு. நம் பழக்கம் தங்களுக்குத் தெரியாததா? தன் முன்னால் இருக்கும் சோற்றில்தான் கை வைக்க வேண்டும், நல்ல துண்டு தன் பக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். இதை அவள் விளக்கி முடிப்பதற்குள் பூமயில் என்கிற பிள்ளை, பக்கத்துக் கிராமத்து விவசாயி மகள், அணியிலேயே உயரமானவள், துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தஸ்னீம் ஒரு பார்வை பார்த்தாள். பாவம், பிள்ளைக்கு மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவளைப்போல மரியாதை தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை. கறித்துண்டு மர்ஜானாவிடமிருந்து ஹுமைராவுக்கு, ஹுமைராவிடமிருந்து பூமயிலுக்கு, பூமயிலிடமிருந்து திரும்ப மர்ஜானாவுக்கு என்று சுற்றிச் சுற்றி ஆறி அவலாகிவிடும். கடைசியில் வீட்டுக்காரன் என்கிற முறையில் நான் போய், "எடுத்துச் சாப்பிடு புள்ள, வெக்கப்படாத" என்று ஒருத்தியைப் பார்த்துச் சொல்வேன். விருந்து கொடுக்கிறவர் சொன்னால் தட்டக்கூடாது அல்லவா, அவள் சாப்பிடுவாள். இப்படியே ஒரு மாதம் என் வீட்டில் ஆட்டுக்கறியும் நெய்யும் கரைந்தன.

போன சனிக்கிழமை ராமநாதபுரத்தில் போட்டி. உச்சிப்புளிப் பக்கத்துப் பள்ளியோடு ஆட்டம். நானும் போயிருந்தேன், சேனல்காரர்களும் வந்திருந்தார்கள். தன் அணி ஆடும்போது தஸ்னீம் மைக்கில் பேச முடியாது, கோச் இடத்தில் இருக்க வேண்டும். பேச வேண்டிய ஆள் வழியில் வண்டி பஞ்சராகி நின்றுவிட்டார். கேமராக்காரர் பிரபாகரன், பேச்சில்லாமல் காட்டினால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் என்று கையைப் பிசைந்தார். தஸ்னீம் நேராக என்னிடம் வந்து, "வீட்ல ஒக்காந்து எம்பேச்சுக்கெல்லாம் குறை சொல்றீங்கள்ல வாப்பா, இன்னைக்கு நீங்களே பேசுங்க" என்று மைக்கைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அந்த மைக் சேனலுக்கு மட்டுமல்ல, மைதான ஒலிபெருக்கிக்கும் போகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆட்டம் எனக்கு என்ன தெரியும்? பச்சைச் சட்டைப் பிள்ளை ஓடுகிறது, நீலச் சட்டைப் பிள்ளை விழுகிறது, தண்ணீர் கொடுங்கள் என்று பேசிக்கொண்டிருந்தேன். நம் பிள்ளைகள் பந்தைக் கொடுப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் வில்லங்கம் அங்கேதான் வந்தது. கூடைக்கு நேர் கீழே நிற்கிறவளும் பந்தைக் கூடையில் போடாமல் மரியாதையாக அடுத்தவளுக்குத் தள்ளுகிறாள். அவளும் தள்ளுகிறாள். குறித்த நேரத்துக்குள் கூடையை நோக்கி எறியவில்லை என்றால் பந்து எதிரிக்குப் போய்விடுமாம். போய்க்கொண்டே இருந்தது. தஸ்னீம் தொண்டை கிழிய "போடு, போடு" என்று கத்தினாள். போடு என்றாலே அடுத்தவளுக்குப் போடு என்று ஆகிப் போயிருந்த பிள்ளைகளுக்கு அது ஏறவில்லை. ஆட்டம் முடியப் போகிறது, நாம் ஒரு புள்ளி பின்னால். பந்து பூமயில் கையில். கூடை தலைக்கு மேலே. அவள் இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள், யாருக்குக் கொடுக்கலாம் என்று. தஸ்னீம் முகத்தைப் பார்த்தேன் மச்சான். வேன் கொட்டகையும் மதுரை பஸ்ஸும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"பூமயிலு, எடுத்துச் சாப்பிடு புள்ள. வெக்கப்படாத."

மைதானம் முழுக்கக் கேட்டது. அந்தப் பிள்ளை மறுபேச்சில்லாமல் பந்தைத் தூக்கிக் கூடையில் போட்டுவிட்டது. விசில் ஊதிவிட்டார்கள். ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

எதிரணிக் கோச் சண்டைக்கு வந்துவிட்டார், மைக்கில் ஆலோசனை சொன்னது தப்பு என்று. நடுவர் என்னிடம் வந்து என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சாப்பிடச் சொன்னேன் என்றேன். அவர் தன் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, ஒரு பிள்ளையைச் சாப்பிடச் சொல்லக் கூடாது என்று இதில் எங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டார். தாளாளரும் கொட்டகையை வேறு இடத்தில் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

நல்லது நடந்ததே என்பீர்கள். என் கதியைக் கேளுங்கள். அந்த வீடியோ ஊர் ஊராகச் சுற்றுகிறது. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்தால் சின்னப் பயல்கள் "எடுத்துச் சாப்பிடு" என்கிறார்கள். அமுதவள்ளி அதைச் சொல்லியே எனக்கு ஒரு கிலோ பாறை மீனைத் தலையில் கட்டிவிட்டாள். இந்த வயதில் எனக்கு இது தேவையா? ஆகையால் தாங்கள் மாமா என்கிற உரிமையில் தஸ்னீமைக் கூப்பிட்டு, கோச் வேலை மட்டும் போதும், மைக் நம் குடும்பத்துக்கு ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லி நிறுத்த வேண்டும். தாங்கள் சொன்னால் அவள் தட்ட மாட்டாள்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு என் முத்தம். அல்லாஹ் தங்கள் கைக்கு பரக்கத்தும் முழங்காலுக்கு பலமும் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
சதக்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் தஸ்னீம் வந்தாள். மதுரைக்கே வந்துவிட முடியாது, இங்கிருந்தே பேசுகிறேன் என்று சேனலுக்குச் சொல்லிவிட்டாளாம். அவர்கள் சம்மதித்து ஒரு நிபந்தனை போட்டார்களாம், அந்தச் சாப்பாட்டு வாப்பாவும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று. இனி அவள் பேசுவதை மாடியில் ஒளிந்து கேட்க வேண்டாம், தோளோடு தோளாக உட்கார்ந்து கேட்கலாம். எனவே மேலே எழுதியதில் கருவாட்டு விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடவும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டாம். அஃப்ரித் திரும்பி வரும்போது தொண்டைக்கு இதமான மிட்டாய் ஒரு டப்பா கொடுத்தனுப்பவும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் போன் பண்ண வேண்டாம். எடுக்க மாட்டேன், வேலையில் இருப்பேன்.