ரயிலில் வந்த பெண் வீட்டுக்காரி

சமூகவியல் படித்து நான் சமூகத்துக்குச் செய்த முதல் சேவை, கூடிவந்த ஒரு கல்யாணத்தைக் கலைக்கப் பார்த்ததுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி ஓர் ஆய்வு. "கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கவனி. ஆய்வு என்று சொன்னால் நடிப்பார்கள்" என்று சொல்லி அனுப்பினார் பேராசிரியை. ஆண்டர்சன்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கி, விடிகாலை ரயிலில் ஏறினேன். (கஞ்சி போட்ட பருத்திப் புடவை, பெரிய பொட்டு. கூட்டத்தோடு கூட்டமாகத் தெரிய என் ஏற்பாடு!)

எதிரே சீட்டாடிய கோஷ்டியை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். கோஷ்டித் தலைவர் தேவராஜ் அண்ணன், "இன்னா மேடம், யாரைப் பார்க்க வந்தீங்க?" என்றார்.

"சும்மாதான்" என்றேன். பிறகு ஜன்னலோரத்து இளைஞனிடம் ரொம்ப இயல்பாகக் கேட்டேன்: "சம்பளம் எவ்வளவு? சொந்த வீடா? குடிப்பழக்கம் உண்டா?"

சீட்டுக்கட்டு மாயமாக மறைந்தது. ஸ்டீபன் என்ற அந்த இளைஞன் எழுந்து ஒரு கைக்குழந்தைக்காரிக்கு இடம் கொடுத்தான். "தங்கமான பையன் மேடம். டீயே ஒரு வேளைதான் குடிப்பான்" என்றார் தேவராஜ் அண்ணன். யாரோ எனக்கு இட்லி கொடுத்தார்கள். 'பயணிகளிடம் வியக்கத்தக்க ஒழுக்கம்' என்று பேராசிரியைக்குப் பெருமையாகச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் நான் வேறு பெட்டியில் ஏறினேன். சோதனை முடிந்த நிம்மதியில் கோஷ்டி கூச்சலும் கும்மாளமுமாக ஆடியிருக்கிறது. பங்காரப்பேட்டையில் ஏறிய ஒருவர் நின்றுகொண்டே வந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஸ்டீபனுக்குப் பேசியிருந்த பெண்ணின் தாய்மாமன் அவர்!

சாயங்காலம் பிளாட்பாரத்தில் தேவராஜ் அண்ணன் என்னை மடக்கினார். "பையன் வேணான்ட்டாங்க மேடம். பொண்ணோட அக்கா நீங்க, நேத்து நல்லாத்தானே பாத்துட்டுப் போனீங்க?"

"அக்காவா? நான் ஆய்வுக்கு வந்திருக்கேங்க! மக்கள் எப்படி வாழறாங்கன்னு கவனிக்கிறதுதான் என் வேலை!"

"கவனிச்ச லட்சணம் தெரியுது."

அந்தப் பெண்ணை ஸ்டீபனுக்கு மிகவும் பிடித்திருந்ததாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றே பெண் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். மாமன் அசையவில்லை. "சீட்டாடற பையனுக்கு எப்படிம்மா பொண்ணு குடுக்கறது?"

"நீங்க சீட்டாடுவீங்களா?" என்று தொழில் புத்தியில் கேட்டுவிட்டேன்.

உள்ளேயிருந்து கல்யாணப் பெண் குபீரென்று சிரித்தாள். மாமனுக்கு இருமல் வந்தது. என் ஆய்விலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

கல்யாணம் ஆண்டர்சன்பேட்டை சர்ச்சில் நடந்தது. இப்போதும் அந்த ரயிலில் நான் ஏறினால், "பொண்ணு வீடு வந்தாச்சு, சீட்டுக்கட்டை ஒளிச்சு வைங்கப்பா!" என்று குரல் வரும். ஸ்டீபனின் மகளோ என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அம்மாவின் அக்காவை வேறெப்படிக் கூப்பிடுவாள்?