மனசுக்கு அளவெடுப்பவர்

எங்கள் தெருவில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. தையல்கடை கட்டிங் மாஸ்டர் மனம் திருந்திவிட்டாராம். செய்த தப்பை நினைத்து நினைத்து உருகி, பேச்சையே விட்டுவிட்டாராம். இதைச் சொன்ன ஒருத்தன் கண்ணை வேறு துடைத்துக்கொண்டான். நம்பிவிடாதீர்கள். நடந்தது எனக்குத் தெரியும்.

முதலில் இந்த இனத்தைச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களில் 'காரணம் கண்டுபிடிப்பவர்' என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் எதைச் செய்தாலும், ஏன் செய்தீர்கள் என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தலைவலி என்று சொல்லிப் பாருங்கள், "வலிக்கிறது தலை இல்லீங்க, மனசு" என்பார்கள். சிரித்தால் உள்ளே துக்கம். அழுதால் உள்ளே நடிப்பு. சும்மா உட்கார்ந்திருந்தால்? ஐயோ, அது மட்டும் வேண்டாம். அதுதான் அவர்களுக்கு விருந்து.

எங்கள் மாஸ்டர் அந்த இனத்தின் தலைவர். தெருவில் அவருக்குப் பெயரே எக்ஸ்ரே. டேப் உங்கள் இடுப்பைச் சுற்றும்போதே கண் நெஞ்சுக்குள் புகுந்துவிடும்.

"சட்டைக்கு ரெண்டு பாக்கெட் வைங்க மாஸ்டர்."

"ரெண்டா? யாரையோ நம்பி ஏமாந்திருக்கீங்க."

"இல்லீங்க, போனுக்கு ஒண்ணு, கண்ணாடிக்கு ஒண்ணு."

"அப்படித்தான் சொல்லுவீங்க."

இந்த 'அப்படித்தான் சொல்லுவீங்க' இருக்கிறதே, அவர் கையிலுள்ள கத்தரிக்கோலைவிடக் கூர்மையானது. நீங்கள் ஆமாம் என்றால் அவர் சொன்னது சரி. இல்லை என்றால் ரொம்பச் சரி. தன் விஷயத்தில் மட்டும் எக்ஸ்ரே வேலை செய்யாது. பட்டன் தைக்கிற அம்மா கத்தினால் அது தாழ்வு மனப்பான்மை. இவர் கத்தினால் அது பசி.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவிக்கு ஒரே தம்பி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவான். அக்காவும் தம்பியும் தெருக்கோடி வரை கேட்கும்படி சிரிப்பார்கள். போன வருஷம் திடீரென்று வரத்து நின்றது. போன் பண்ணினால் ஒற்றை வார்த்தை, அதோடு சரி. அந்த அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே அழும். எக்ஸ்ரே தயாராகக் காரணம் வைத்திருந்தார்: "பொறாமைம்மா. நாம மாடி எடுத்துக் கட்டினதிலேருந்து உன் தம்பி பார்வையே சரியில்ல."

அந்த அம்மாவும் பாதி நம்பிவிட்டது.

போன வாரம் ஒரு மத்தியானம் எக்ஸ்ரே சாப்பிட வருகிறார். மனைவி நாற்காலியில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர். என்ன என்று கேட்டால் பதில் இல்லை. சாதாரண மனிதன் என்ன கேட்பான்? உடம்புக்கு என்ன என்று கேட்பான். இவர் எக்ஸ்ரே அல்லவா! கோபம், அதுவும் பழைய கோபம் என்று முடிவுகட்டி, காரணத்தைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

"அந்த நீல ஜாக்கெட்டா? சரி, துணி மேல தப்பில்ல. நான்தான் வெட்டும்போது சொதப்பிட்டேன். அதானே?"

அந்த அம்மா தலையை ஆட்டியது.

"இல்லையா? அப்ப, உன் அக்கா வந்தப்ப நான் தூங்குற மாதிரி நடிச்சதா?"

அந்த அம்மாவின் கண் பெரிதாக விரிந்தது. நெருங்கிவிட்டோம் என்று இவருக்கு ஒரே உற்சாகம்.

"புரிஞ்சிடுச்சு. யாரோ உன்கிட்ட போட்டுக் குடுத்திருக்காங்க. ஆமா, உன் தம்பிய வராதேன்னு சொன்னது நான்தான். நீ சொல்லச் சொன்னதா சொன்னேன். அவன் வந்தா நீ என்னைத் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. நான் என்ன பண்ண?"

அந்த அம்மா மெதுவாக வாயிலிருந்து பஞ்சை எடுத்தது.

"பல்லு புடுங்கிட்டு வந்து உக்காந்திருக்கேன். ஒரு மணி நேரம் பேசக்கூடாதுன்னாரு டாக்டர்." பஞ்சைக் கீழே வைத்தது. "பொறாமை யாருக்குங்க?"

எக்ஸ்ரே மெதுவாகச் சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனார்.

"என் தம்பிய இந்த வாசலுக்குக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் கடையிலேயே படுத்துக்கோங்க."

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் ஜன்னலும் அவர்கள் ஜன்னலும் முகத்துக்கு முகம். நான் அதைச் சாத்தாமல் வைத்திருப்பது காற்றுக்காக மட்டும்தான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மனிதர் பேச்சை நிறுத்தினார். அளவெடுக்கிறார், தலையாட்டுகிறார், வெட்டுகிறார். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எனக்கு மட்டும் சரியான காரணம் தெரியும். நேராகக் கடைக்குப் போய்ச் சொன்னேன்:

"மாஸ்டர், நீங்க ஒண்ணும் திருந்தல. வீட்ல கெத்து போச்சு. அந்த அவமானம்தான் தொண்டைய அடைக்குது."

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்படித்தான் சொல்லுவீங்க" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது! இந்த வியாதி எப்படித் தொற்றுகிறது பார்த்தீர்களா? நீங்கள் மட்டும் சும்மாவா இருந்தீர்கள்? அவர் ஏன் பேசவில்லை என்று இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். என் ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது என்றும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பீர்கள். எதற்கும் கழுத்தைத் தடவிப் பாருங்கள், டேப் தொங்கப்போகிறது.

எக்ஸ்ரே கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என் காதருகே வந்தார். துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு குரல்.

"திருந்தவும் இல்ல, ஒரு மண்ணும் இல்லய்யா. மச்சான் வீட்டு கேட்ல நின்னு ராவும் பகலும் கத்துனதுல தொண்டை கட்டிக்கிச்சு. கேட்டைத் திறந்துட்டான். ஞாயித்துக்கிழமை வர்றான். அன்னிக்காவது அந்த ஜன்னலைச் சாத்து."