ஐம்பதாவது பையும் மூன்று நாள் மாத்திரையும்

அன்புள்ள மச்சானுக்கு, அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இங்கே சுகம். அங்கே நீயும், உன் நெஞ்சும், நெஞ்சுக்கான மாத்திரையும் சுகமா?

ரத்தம் கொடுக்கப் போகிறாய், மாத்திரை சாப்பிடுகிறவன் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். முப்பது வருஷமாக பாய்லர் ஓட்டுகிறேன். பிரஷரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் மூன்று நாள் முன்னாடியே தண்ணீரில் மருந்து கலப்பதை நிறுத்தி, பாய்லரைக் கழுவிக் காட்டுவோம். உடம்பும் அப்படித்தான். மருந்து கலந்த ரத்தத்தை எவன் வாங்குவான்? அதனால் என் பிரஷர் மாத்திரையை மூன்று நாள் நிறுத்தினேன்.

எதற்கு இந்தப் பாடு என்பாய். மூத்தவள் ஒன்பது வயதில் சைக்கிளோடு விழுந்தாளே, அன்றைக்கு முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம்தான் அவளைப் பிழைக்க வைத்தது. அதிலிருந்து நானும் கொடுக்கிறேன். நாற்பத்தொன்பது தடவை ஆயிற்று. ஐம்பதைத் தொடாமல் எனக்கு நிம்மதி கிடையாது.

நேற்று முகாமுக்குப் போனேன், துணைக்கு உன் அக்கா. நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினாள், முள்ளைப் பார்த்தாள், மறுபடி அமுக்கினாள், "இன்னைக்கு வேணாங்கய்யா" என்கிறாள்! "ஏம்மா, இந்த பிரஷர் பாக்குற கேஜை கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"ன்னு கேட்டேன் மச்சான், உடனே டாக்டரைக் கூப்பிட்டுட்டா, அவரும் வந்து அதே கேஜைத்தான் நம்புறாரு, என் பேச்சை யாரு கேக்குறா! கேஜ் கோளாறு, வேறென்ன.

ஆகவே நீ தைரியமாக மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போ. கேஜை மட்டும் முதலில் சோதிக்கச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், படிச்சுட்டேன். நீ மாத்திரையை நிறுத்தினே, நேர்ல வந்து உதைப்பேன். கேஜ் நல்லாத்தான் இருந்துச்சு, நூத்தித் தொண்ணூறு காட்டுச்சு. "மாத்திரையை ஒழுங்காப் போட்டு பிரஷர் அடங்கியிருந்தா எடுத்திருப்போமே"ன்னு அந்தப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டா. நானும் அதே மாத்திரைதான், ஒரு நாள் விட்டதில்ல. எனக்கும் பாத்தாங்க, சரியா இருந்துச்சு, படுத்து ரத்தம் குடுத்துட்டேன். உன்னுது நெஞ்சு மாத்திரை, அது வேற சமாச்சாரம். எதையும் நிறுத்தாம, டாக்டர் சீட்டோட முகாமுக்குப் போய் அவங்களையே கேளு. வேணாம்னா பேசாம வீட்டுக்கு வா. நாப்பத்தொம்பது தடவையும் உங்க அத்தான் உள்ளே, நான் வெளியே பையைத் தூக்கிக்கிட்டு நின்னேன். நேத்து அவர் நின்னார். இந்த வீட்டோட ஐம்பதாவது என்னுது.