முயல் போனாலும் கூடை போகாது

சேவூர்,
ஞாயிறு மாலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தீனதயாளன் அவர்களுக்கு, மாமனார் பரசுராமன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் மகள் சிவசங்கரியும் சென்னையில் சுகமாக இருக்க அந்த எல்லம்மன் அருள் புரியட்டும். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாமே என்பீர்கள். மாப்பிள்ளையை வாயால் திட்டினால் மரியாதைக் குறைவு. எழுத்தில் திட்டினால் அதற்கு விண்ணப்பம் என்று பேர்.

உங்கள் அத்தை தேவகியின் காரியம் முடிந்த மறுவாரமே, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு முயல்களோடு வந்து இறங்கினீர்கள். "யாரோ வளர்த்துட்டு ரோட்டுல விட்டுட்டாங்க மாமா, நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் பாத்துக்கோங்க, பேர் வைக்காதீங்க, பாசம் வைக்காதீங்க, அப்புறம் அனுப்பும்போது கஷ்டமாயிடும்" என்றீர்கள். பெற்ற பெண்ணை உங்களுக்குக் கட்டிக்கொடுத்தபோது இந்த ரூல்ஸை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. கூண்டையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அத்தை காய் வாங்கப்போகும் மூங்கில் கூடையில் சாக்கை விரித்துப் படுக்கவைத்தேன்.

வந்த அன்றே வெள்ளை முயல் போன் சார்ஜரைக் கடித்தது. அடுத்தது தறியில் ஏற்றியிருந்த பாவு நூல். அறுந்த பட்டு இழை ஒவ்வொன்றையும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடிந்து முடிப்பதற்குள் என் கண் அவிந்துபோனது. அப்புறம் தறிக்குழிக்குள் இறங்கி, மிதிக்கட்டையில் இருந்த என் வலது கால்மேல் படுத்துத் தூங்கப் பழகிக்கொண்டது. காலை அசைத்தால் முழித்துக்கொள்ளும். முழித்தால் என்னை நிமிர்ந்து பார்க்கும். அதனால் நானும் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடிச்சுகினு சும்மாவே உட்கார்ந்திருப்பேன். "இன்னாங்க, சேலை முந்தி இன்னும் முடியலியா?" என்று பட்டு கொடுக்கும் முதலாளி கேட்டார். கால் மரத்துப்போச்சுங்க என்றேன். அது பொய்யும் இல்லை.

அமாவாசைக்கு அத்தைக்குப் படையல் போட்டேன். மொட்டைமாடியில் வைத்த சோற்றை ஒரு காக்கா எட்டிப் பார்க்கணுமே! பக்கத்து விசைத்தறிச் சத்தத்துக்கு அது எங்கே வரும்? நான் மேலே தொண்டை கிழியக் கத்திகினு இருக்க, கீழே இந்த வெள்ளை, போட்டோவுக்கு முன்னால் மாட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த அகத்திக்கீரையைக் காலிபண்ணிவிட்டு, மாலையில் இருந்த சாமந்தியைத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ரங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அண்ணே, அக்காவே வந்து சாப்பிட்டுகினு கீறாங்க!" என்றாள். கையில் எடுத்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன். அத்தைக்கு அகத்திக்கீரையே ஆகாது என்பதை நான் ரங்கம்மாளிடம் சொல்லவில்லை.

பேர் வைக்காதீர்கள் என்றீர்கள், சத்தியமாக வைக்கவில்லை. ஆனால் கீரை போடும்போது ஏதாவது சொல்லிக் கூப்பிடணும் இல்லையா? "தே, இந்தாமே" என்றேன். உங்கள் அத்தையை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், ஒருநாளும் பேர் சொன்னதில்லை. அந்தச் சத்தம் கேட்டால் போதும், வெள்ளை எங்கே இருந்தாலும் காதைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். பழுப்பு முயலைத் தனியாகக் கூப்பிட வேண்டியதே இல்லை. அது வெள்ளைக்குப் பின்னாலேயே வரும். எங்க வீட்டு ஆம்பளைங்க வழக்கம் அது.

முயல்களை வளர்க்க நீங்கள் பார்த்துவைத்த வந்தவாசி கலைமகள் டீச்சர் முதல் தடவை வெறும் கையோடு வந்தார்கள். "கூடையோடயே கொடுத்துடுங்க சார்" என்றார்கள். அதெப்படிம்மா, மாட்டை வித்தாலும் கயிறைத் தரமாட்டோம், கயிறு போனா வீட்டு லட்சுமியும் கூடவே போயிடுவா என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த தடவை அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். காற்று போகாது என்றேன். அப்புறம் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்கள். வெள்ளிக்கிழமை வீட்டை விட்டு எதையாவது அனுப்புவார்களா? இன்று காலையில் நல்ல கம்பிக்கூண்டு, அதில் துண்டு, தண்ணிக் கிண்ணம் எல்லாம் வைத்துக்கொண்டு காரில் வந்து நின்றார்கள். குறை கண்டுபிடிக்க நானும் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

போயிட்டு வாங்க என்று சொல்லித்தான் அனுப்பினேன். அத்தையைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு எல்லாரும் அழு அழு என்றார்கள், எனக்கு வரவில்லை. இன்றைக்கு அந்தக் கார் தெருமுனை திரும்பியதும் வந்தது மாப்ளே. நடுத்தெருவில் நின்று, ரங்கம்மாள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

ஆகவே என் விண்ணப்பம் என்னவென்றால், இனிமேல் முயல், பூனை, கிளி எதையும் இந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். இந்தப் பேஜாரே எனக்கு வேணாம். இப்போது வீடு சுத்தமாக இருக்கிறது. தறி ஜல்தியாக ஓடுகிறது. வலது கால்தான் கொஞ்சம் சில்லென்று இருக்கிறது, வயசாகிவிட்டது. சிவசங்கரியிடம் நான் அழுததைச் சொல்ல வேண்டாம். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நூறு வயசு இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
பரசுராமன்

பின்குறிப்பு: திங்கள் காலை. ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். டீச்சர் போன் பண்ணினார்கள். இரண்டும் பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டு நேற்றிலிருந்து ஒரு வாய் தின்னவில்லையாம். ஸ்நோவி என்று பேர் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "நீங்க என்னான்னு கூப்பிடுவீங்க சார்?" என்றார்கள். அந்த வார்த்தையைப் போனில் இன்னொரு பொம்பளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை மாப்ளே. நேரிலேயே வந்து கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வந்தவாசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். கையில் கூடை இருக்கிறது. போகும்போது அதில் அகத்திக்கீரைதான். திரும்பும்போது என்ன இருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.