வாக்குக் கல்லால் ஒரு சிலை

மேகங்கள்கூட அரண்மனையில் அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகே மழை பொழியும் நாடு அது, பெயர் நிலாத்துறை. அங்கே வாக்கு என்றால், போடுகிறவரின் பெயர் பொறித்த ஒரு கூழாங்கல். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 'அரசர் இருக்கட்டும்' என்பவர்கள் ஒரு பானையில், 'போதும்' என்பவர்கள் இன்னொன்றில் போடவேண்டும். எண்ணும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கல்லை உரியவரிடமே திருப்பித் தருவார்கள். பெண்களுக்குக் கல் கிடையாது என்றிருந்த காலத்தில், பவளாயியும் முந்நூறு பெண்களும் ஆற்றில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். பதினோரு மாதம்! மீன்கள் அவர்கள் கூந்தலில் குடித்தனம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் கல் கிடைத்தது.

நாற்பது ஆண்டு கழித்து அவர்களுக்குச் சிலை எழுப்ப ஆணை வந்தது. பவளாயி வயல்களுக்குக் கல்மதில் அடுக்குகிறவள். வேலை அவளிடமே வந்தது. மந்திரி மகிழ்மாறனார் சிலையின் வரைபடத்தைப் பார்த்தார். கை உயர்ந்திருக்கிறது, கட்டு என்றார். வாய் திறந்திருக்கிறது, மூடு. பார்வை அரண்மனைமேல் விழுகிறது, தரையில் போடு.

"போராடினவ மாதிரி இல்லீங்களே," என்றாள் பவளாயி. "பொண்ணு பாக்க வந்தப்ப நின்ன மாதிரில்ல இருக்கு."

அடக்கமே வீரத்துக்கு அழகு என்றார் மந்திரி. அடுத்த ஆணை: பெண்கள் அத்தனை பேரின் வாக்குக் கற்களாலேயே சிலை எழும்ப வேண்டும்.

"அப்ப வர்ற தேர்தல்ல நாங்க எதைப் போடுறது?"

"நீங்கள் வரலாறு ஆகிவிட்டீர்கள் அம்மா. வரலாறு வாக்களிக்கும் வழக்கமில்லை."

கற்களைக் காவலர் வாரிப்போனார்கள். பவளாயி தன் கல்லைக் கொடுத்த உள்ளங்கை, பல் விழுந்த ஈறுபோலக் கூசிக்கொண்டே இருந்தது.

திறப்புவிழாவோ தேர்தலன்றே. நாட்டின் சுண்ணாம்பு முழுவதும் வரவேற்பு வளைவுகளுக்கு வெள்ளையடிக்கப் போயிற்று. மிச்சத்தை நிலாவுக்கும் ஒரு பூச்சுப் பூசினார்கள். சிலைக் கற்களை ஒட்டச் சாந்து? சமாளி என்றார் மந்திரி. பவளாயி வயல்மதிலைப் போலவே வெறும் கல்லாய் அடுக்கிச் சமாளித்தாள்.

தேர்தல் விடிந்தது. கல் இல்லாத பெண்கள், சிலையை மூடியிருந்த திரைக்குள் வரிசையாகப் போய் அதை வணங்க வேண்டும் என்பது கடைசி ஆணை. உள்ளே சாரத்தின்மேல் பவளாயி நின்றிருந்தாள். சிலையின் காலிலிருந்து உருவினால் மொத்தமும் சரியும் என்று, தலையிலிருந்து ஒவ்வொரு கல்லாய் எடுத்து, பெயரைப் படித்துக் கூப்பிட்டுக் கொடுத்தாள். கைகூப்பி வெளியே வந்தவர்களின் கூப்பிய கைக்குள் கல் இருந்தது. சூரியனும் மேற்கே கொஞ்சம் தாமதித்து வேடிக்கை பார்த்தான். பாதத்தின் கடைசிக் கல், பவளாயியுடையது.

மாலையில் அரசர் திரையை விலக்கினார். பின்னால் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"வீராங்கனைகள் எங்கே?"

"'போதும்' பானைக்குள்ள நிக்கிறாங்க அரசே," என்றாள் பவளாயி. "எண்ணுறப்ப பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, கேளுங்க."