செங்குழலியும் நீலவேணியும் மேடையேறிய நவராத்திரி

வாயாடிப் பெண்ணை மேடையில் ஏற்றலாம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார வைப்பதுதான் ஆபத்து. என் பெற்றோர் இரண்டையும் ஒரே மாலையில் செய்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் மலாய் நாட்டில் நடந்தது இது. அதற்கு முன் செராஸிலிருந்து வந்த ஒரு நல்ல வரன் கைநழுவிப் போயிருந்தது. ஜாதகத்தில் ஒரு கட்டத்தை உங்கள் ஜோசியர் தப்பாகப் போட்டிருக்கிறார் என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நான் பொறுமையாக விளக்கினேன். (விளக்கம் சரிதான். அதுதான் பிரச்சினை.)

அடுத்த வரன் பிரிக்பீல்ட்ஸ். பையன் பெயர் ரவி. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. "பரவால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, போட்டோவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ரவியின் அப்பா ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி, ஊர் ஊராகப் போகும் பட்டிமன்ற நடுவர். என் அப்பா கிள்ளானில் எங்கள் கோயில் கமிட்டிச் செயலாளர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திட்டம் தீட்டினார்கள். நவராத்திரிப் பட்டிமன்றத்தில் பெண் ஒரு அணி, மாப்பிள்ளை எதிரணி, மாப்பிள்ளையின் அப்பாவே நடுவர். பஜ்ஜி சொஜ்ஜி வேண்டாம், ஊருக்கும் தெரியாது, பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. தலைப்பு: பெண்ணின் சக்தி சிறப்பது அதைப் பயன்படுத்துவதிலா, அடக்கி ஆள்வதிலா? நான் பயன்படுத்தச் சொல்லும் அணி.

அம்மா என் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டே எச்சரித்தார்.

"நல்லா பேசு, ஆனா ஜெயிச்சிராத. அந்தத் தம்பி பேசுறப்ப தலைய ஆட்டு, போதும்லா."

"தலைய ஆட்டுறதுக்கு மேடை எதுக்கும்மா?"

"பாத்தியா, இந்த வாய்தான்! இந்த இடமும் போச்சுன்னா நான் ஜெஞ்சாரோம் சித்தி வீட்டுக்கே போயிருவேன், சொல்லிட்டேன்."

போகக்கூடாது என்றுதான் எனக்கும் ஆசை. அம்மாவும், பிரிக்பீல்ட்ஸ் வரனும்.

மேடையில் எங்கள் அணிக்கு முதலில் பேசியவர் ஒரு தமிழாசிரியை. புராணத்துப் பெண்கள், சங்ககாலத்துப் பெண்கள், கத்தி தூக்கிய ராணிகள் என்று ஒருத்தி விடாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் எழுதி வைத்திருந்ததில் அவ்வையின் நெல்லிக்கனிகூட மிச்சமில்லை. வெறும் கையோடு மைக் முன்னால் போய் நின்றேன். அப்போது வாயில் வந்தவள்தான் சிவப்பு முடிக்காரி.

இங்கே என் இன்னொரு வாழ்க்கையைச் சொல்லிவிட வேண்டும். பகலில் நான் கண்ணியமான தற்காலிக ஆசிரியை. வீட்டுக்கு வந்தால், வாடகைக் கடையில் எடுத்த வீடியோ டேப்பில் மலாய் பேசும் ஜப்பானியக் கார்ட்டூன். அதில் ஓர் அக்காள், ஒரு தங்கை. இருவரும் மலையைப் பிளக்கும் சக்தி படைத்தவர்கள். சிவப்பு முடி அக்காள், கொடுங்கோலர்களின் கோட்டைகளை ஒவ்வொன்றாக இடித்துவிட்டு அரியணையில் தானே ஏறி உட்காருவாள். நீல முடி தங்கை வாளை உறையோடு கயிற்றால் கட்டி வைத்திருப்பாள். "உருவினால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது" என்பாள். நான் அக்காள் கட்சி.

"அவையோரே! கிழக்கே ஒரு தீவில் செங்குழலி என்றோர் இளவரசி இருந்தாள்" என்று ஆரம்பித்தேன். ரோபோட்டுகளை யானைப்படையாக்கினேன். விண்கலத்தைத் தேராக்கினேன். "சக்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பவள், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நனைபவள்!" என்று முடித்தபோது கைத்தட்டல் கூரையைத் தூக்கியது. அம்மா மட்டும் தட்டவில்லை.

ரவி எழுந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எதிரணித் தோழி ஒன்றை மறைத்துவிட்டார். அந்தச் செங்குழலிக்கு ஒரு தங்கை இருந்தாள். பெயர் நீலவேணி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. (பிரிக்பீல்ட்ஸிலும் அதே டேப்!)

"நெருப்பு அடுப்பில் இருந்தால்தான் சோறு. கூரைக்கு ஏறினால் வீடே போச்சு" என்றார். நீலவேணி கொட்டும் மழையில், கட்டிய வாளோடு தன்னந்தனியாக ஆற்றங்கரையில் நின்று ஒரு படையையே திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னார். நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். நானும் அம்மா சொன்னபடி தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாக ஆட்டினேன். ஆனால் மனிதர் அதோடு நிறுத்தவில்லை.

"சாகும்வரை அவள் அந்த வாளை ஒருமுறைகூட உருவவில்லை!"

பொய்யை எப்படிப் பொறுப்பது? மைக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"பொய்யி! கடைசி டேப்புல உருவுனாளே! அக்காகாரிய காப்பாத்த உருவுனாளா இல்லியா, சொல்லுங்க!"

"டேப்பா?" என்றார் நடுவர்.

அதுவரை பாயில் நெளிந்துகொண்டிருந்த சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று, "அக்கா, யானை இல்லக்கா, ரோபோட்!" என்றாள். இன்னொருத்தி அந்தக் கார்ட்டூனின் பாட்டை மலாயில் எடுத்துவிட, பாய் முழுவதும் சேர்ந்துகொண்டது. தவில்காரர், பஜனை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து வாசிக்கத் தொடங்கினார். அம்பாள் சந்நிதியில் மூன்று சரணமும் முடியும்வரை யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. அப்பா ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஏம்மா," நடுவர் என் பக்கம் திரும்பினார். "நான் கார்ட்டூனுக்கா அழுதேன்?"

"நீங்க மட்டும் இல்ல அங்கிள், நானும் அழுதிருக்கேன். அந்த ஆத்தங்கரை சீன் யாரா இருந்தாலும் அழ வைக்கும்லா."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். கூட்டத்தில் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டது தெரிந்தது. வரன் போயே போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ரவியோ சிரிப்பை அடக்க முடியாமல், குனிந்து செருப்பில்லாத காலில் செருப்பு வாரைத் தேடிக்கொண்டிருந்தார்.

நடுவர் கண்ணாடியை மாட்டினார். என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "சாட்சியத்தப் பாக்காம நான் தீர்ப்பு சொன்னதே கெடையாது. டேப்பு யாரு வீட்டுல இருக்கு?"

"எங்க வீட்டுல, அங்கிள்."

"அப்ப தீர்ப்பு ஒத்திவைக்கப்படுது."

அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு கிள்ளானுக்கு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அம்மா பஜ்ஜி போட்டே களைத்துப்போனார். ஒரு டேப்புக்கும் அடுத்த டேப்புக்கும் நடுவில் ஜாதகம் பார்த்து, தட்டு மாற்றி, தேதியும் குறித்துவிட்டார்கள். கடைசி டேப்பைப் போடுவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது.

எத்தனையோ வருஷமாகிவிட்டது. அக்காள் செய்தது சரியா, தங்கை செய்தது சரியா என்று இவர் ஆரம்பித்தால் நானும் விடுவதில்லை. அது எப்படியோ யார் குப்பை கொட்டுவது என்பதில் வந்து நிற்கும். சத்தம் கூடினால் எங்கள் பெண் உள்ளறையைப் பார்த்துக் கத்துவாள்: "தாத்தா! தீர்ப்பு!"

மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

"கேஸ் இன்னும் நடக்குதும்மா. ரெண்டு பேரையும் போய் சோறு திங்கச் சொல்லு."