முகூர்த்த நேரத்தில் ஒரு பாதுகாப்பு நடவடிக்கை

கண்டவர்களும் கணினிக்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரு கம்பெனி அதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. பன்னிரண்டு வருட அனுபவத்தில் ஒரே ஒருமுறைதான் அந்த வேலையை நூற்றுக்கு நூறு சரியாகச் செய்திருக்கிறேன். அது என் தங்கை திவ்யாவின் கல்யாணத்தன்று.

மாப்பிள்ளை தெலுங்குக்காரர். அதே ஊரில் திருமுல்கேரியில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மண்டபம். எல்லாம் கூடிவந்த நேரத்தில் மதுரையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்றால் கேட்கவில்லை. "அப்பா இல்லாத பிள்ளைக்குக் கூடி வந்த கல்யாணம்டா. நிறுத்துனீங்க, நான் பச்சத்தண்ணி பல்லுல படவிட மாட்டேன். தாலி கட்டுறத மட்டும் எனக்குக் காமிச்சிரு, போதும்" என்றார். காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

வேறு யாராவது என்றால் சாதாரணமாக ஒரு வீடியோ காலில் முடித்திருப்பார்கள். (நான் யார்!) லாட்டரி விழுந்திருப்பதாக யாரோ அனுப்பிய செய்தியை அம்மா ஒருமுறை திறந்துவிட்டார் என்பதற்காக, அவருடைய நல்ல போனைப் பிடுங்கிக்கொண்டு பட்டன் போன் வாங்கிக் கொடுத்திருந்தேன். துணைக்கு இருந்த அம்மாளிடமும் பட்டன் போன்தான். கல்யாணத்துக்கென்று ஒரு டேப்லெட் அனுப்பினேன். அதில் கல்யாணத்தை நேரலையில் காட்டும் ஒரே ஒரு லிங்க்தான் திறக்கும். வேறு எதைத் தட்டினாலும் அசையாது. அந்த லிங்க்கிலும் நேராக உள்ளே வந்துவிட முடியாது. நேரில் வர முடியாத சொந்தபந்தம் மொத்தமும் வெளியே காத்திருக்க, நான் பெயரைப் பார்த்து ஒவ்வொருவராக அனுமதிப்பேன். திவ்யாவின் கணக்கில் என் லேப்டாப்பிலிருந்து நுழைந்து, எல்லாம் தயார்.

முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. மும்பையிலிருந்து யாரோ இந்தக் கணக்குக்குள் நுழைந்திருக்கிறார்கள், அது நீங்கள்தானா என்று கேட்டது. மும்பையில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? 'நான் இல்லை' என்பதைப் பட்டென்று அழுத்தினேன். லேப்டாப் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. மண்டபத்து வைஃபை மும்பை வழியாகச் சுற்றிப் போகிறது என்பதும், நான் பிடித்துக்கொடுத்த திருடன் நான்தான் என்பதும் அதற்குப் பிறகே உறைத்தது.

திரும்ப உள்ளே போக ஒரு எண் வேண்டும். அது திவ்யாவின் போனுக்குத்தான் வரும். போன் என் கையில்தான் இருந்தது, பூட்டியபடி. வந்த செய்தி வெளியே தெரியாதபடி மறைத்து வைத்திருந்தது. (யார் செய்த ஏற்பாடு என்று கேட்காதீர்கள்.) அதற்குள் என் போன் அடித்தது.

"டேய் செந்திலு, காத்திருங்க காத்திருங்கன்னே போட்டிருக்கு. மேளச் சத்தம் கேக்குதே, கட்டிட்டாங்களா?"

"இல்லம்மா, இதோ, ஒரு நிமிஷம். வைக்காத, அப்படியே இரு."

மேடைக்கு ஓடினேன். போனைத் திவ்யாவின் முகத்துக்கு நேரே காட்டினேன். மேக்கப்பும் நெற்றிச்சுட்டியும் சேர்ந்து, போனுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை.

"விரலை வை திவ்யா, சீக்கிரம்!"

"எப்படிண்ணே வைப்பேன்?"

தெலுங்குக் கல்யாணத்தில் சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் தலையில் ஒருவர் வைத்து அழுத்தவேண்டும். அதுதான் முகூர்த்தம், தாலி அதற்குப் பின்னால்தான். திவ்யாவின் கட்டைவிரல் மாப்பிள்ளையின் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏமண்டி, இதி பெள்ளா, போன் ஷாப்பா?" என்று புரோகிதர் சீறினார். (கல்யாணமா, போன் கடையா என்கிறார். நியாயமான கேள்விதான்.)

"பின் நம்பரைச் சொல்லு!"

"நீதானேண்ணே யாரு கேட்டாலும் சொல்லாதன்னு சொன்ன? அண்ணன் கேட்டாக்கூடச் சொல்லாதன்னு?"

"சொல்லித் தொலைடி, அம்மா காத்துக்கிட்டு இருக்கா!"

சொன்னாள். புரோகிதரின் மேல்துண்டில் மாட்டியிருந்த மைக் அந்த ஆறு எண்களையும் மண்டபம் முழுக்கச் சொன்னது. பின்வரிசையில் ஒரு பெரியவர் அதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

லேப்டாப்பிடம் பாய்ந்தேன். போனைத் திறந்து அதில் வந்திருந்த எண்ணைப் போட்டேன், திறந்தது! வெளியே நாற்பத்து மூன்று பேர். தாலித்தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சுற்றில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக விட்டேன்: சிவகாசிப் பெரியப்பா, துபாய் மச்சான், அனுப்பானடி அத்தை. நடுவில் வெறும் எழுத்தும் எண்ணுமாக, ஆள் யாரென்றே தெரியாமல் ஒரு பெயர். பன்னிரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் போய் 'நீக்கு' என்பதை அழுத்தியது.

"டேய்," என்றது காதில் அம்மாவின் குரல், "உங்களை வெளியேத்திட்டோம்னு என்னமோ வருதேடா."

டேப்லெட்டுக்குப் பெயர் வைக்க மறந்தவன் நான். ஒருமுறை நீக்கியவர் திரும்ப வரவே முடியாதபடி பூட்டி வைத்தவனும் நான். அதை மாற்றக் குறைந்தது மூன்று நிமிடம் ஆகும். மேடையில் மாப்பிள்ளை தாலி கட்ட எழுந்து நின்றுவிட்டார். லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மேடை ஓரத்துக்கு ஓடினேன்.

"அம்மா, கண்ண மூடிக்க. நான் சொல்றேன். தாலிய கையில எடுத்துட்டாரு. ரெண்டு தாலிம்மா அவங்களுக்கு, அதுல ஒண்ணு நாம குடுத்தது. திவ்யா தலை குனிஞ்சிருக்கா. மேளம் கேக்குதா? மொத முடிச்சு போட்டாச்சும்மா. ரெண்டாவது..."

தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"ரெண்டாவது போட்டாச்சா?"

"ம்."

"அப்ப அழுவாமச் சொல்லுடா கிறுக்கா. மூணாவதும் எனக்கு வேணும்."

மூன்றாவதையும் சொன்னேன். "பாத்துட்டேன்டா, போதும்" என்றார் அம்மா. கல்யாண வீடியோ வந்து இத்தனை நாளாகியும் அதை அவர் போட்டுப் பார்க்கவே இல்லை.

அதற்காக என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். போன தீபாவளிக்கு மூவருமாக மதுரைக்குப் போனோம். கைத்தடியை ஊன்றி வந்து கதவைத் திறந்த அம்மா திவ்யாவை உள்ளே விட்டார், மாப்பிள்ளையை உள்ளே விட்டார். என்னை மட்டும் மேலும் கீழும் பார்த்தார். "இவரு பேரு சரியாத் தெரியலையே" என்று சொல்லித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். உள்ளே அவர்கள் காபி குடித்து முடிக்கும்வரை நான் பெட்டியோடு வாசலில்தான் நின்றேன்.